ஸ்வான்சீ செம்பு விழாவில் எந்த உலையைக் காட்டுவது?

பிப்ரவரி 4, மாலை (கேள்வி)

வேல்ஸின் ஸ்வான்சீயில் உள்ள ஹாவோட்-மோர்வா செம்பாலை வளாகத்தில் ஊர்மக்களுக்காக ஒரு பாரம்பரிய நாள் நடத்தும் யோசனை இருக்கிறது. மைய நிகழ்ச்சி: ஒரு களிமண் உலை, இரண்டு தோல் துருத்தி, கொஞ்சம் மலகைட் தாது. கூட்டத்தின் கண்ணெதிரே பச்சைக் கல் செம்பாக மாற வேண்டும். ஸ்வான்சீ ஆலைகள் செய்ததும் இதைத்தானே, அளவுதான் பெரிது? அரை நாளில் முடியுமா? என்னென்ன வேண்டும், எது கெட்டுப்போகும்?

பிப்ரவரி 4, இரவு

அளவு மட்டும் பெரிது என்பது சரியில்லை. வேலையே வேறு.

களிமண் உலையில் தாதுவும் கரியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். சூடு தருவதும் கரி, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குவதும் கரி. மலகைட்டில் கந்தகம் கிடையாது, அதனால் ஒரே சூட்டில் செம்பு இறங்கிவிடும். வட வேல்ஸில் கிரேட் ஓர்ம் குன்றின் வெண்கலக் காலச் சுரங்கத்துக்கு அது பொருத்தமான செய்முறை. ஸ்வான்சீக்குக் கப்பலில் வந்த தாதுவில் பெரும்பகுதி கந்தகத் தாது. செம்பும் இரும்பும் கந்தகமும் பின்னிக்கிடக்கும் சால்கோபைரைட்.

அங்கே உலையும் வேறு. ரிவர்பரேட்டரி என்று பெயர். ஒரு முனைத் தட்டில் நிலக்கரி எரியும். அடுத்து ஒரு குட்டைச் சுவர். சுவாலை அதைத் தாண்டி, தாழ்ந்த வளைவுக் கூரையை ஒட்டி ஓடி, தாதுவின் மேல் சூட்டை இறக்கிவிட்டு மறுமுனைப் புகைபோக்கிக்குப் போகும். நிலக்கரி தாதுவைத் தொடுவதே இல்லை. துருத்தியும் கிடையாது, காற்றை இழுப்பது புகைபோக்கி. தாதுவை விட அதிக எடை நிலக்கரி செலவானதால்தான் தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வால் தாது கடல் தாண்டி நிலக்கரி இருக்கும் இடத்துக்கு வந்தது, நிலக்கரி தாது இருக்கும் இடத்துக்குப் போகவில்லை.

ஹாவோட் ஆலையின் ஜான் ஹென்றி விவியன் 1823-இல் தன் ஆலையின் முறையை அச்சில் வெளியிட்டார். அதில் எட்டு படிகள். தாதுவை வறுப்பது, உருக்குவது. கிடைத்ததைத் தண்ணீரில் விட்டுக் குருணையாக்கி மறுபடி வறுப்பது, மறுபடி உருக்குவது, இன்னொரு முறை வறுப்பது, உருக்குவது. பிறகு காற்றுபட நீண்ட நேரம் சூட்டில் வைத்துக் கொப்புளச் செம்பு எடுப்பது. கடைசியாகச் சுத்திகரிப்பு. முதல் உருக்கலில் வருவது செம்பே அல்ல. மூன்றில் ஒரு பங்கு செம்பு உள்ள கரிய கந்தகப் பொருள், மேட் என்பார்கள். இரண்டாவது உருக்கலில் அது 60 சதவீத அளவுக்கு ஏறும்.

மலகைட் உலை மட்டும் வைத்தால், வந்தவர்கள் ஸ்வான்சீயில் நடந்தது வெண்கலக் கால வேலை என்று நினைத்துக்கொண்டு திரும்புவார்கள். அதை வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் என்ன வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிப்ரவரி 5

மலகைட் உலைக்கான கணக்கு, கேட்டதால்.

சுத்த மலகைட்டின் எடையில் 57.5 சதவீதம் செம்பு. 500 கிராம் எடுத்தால் காகிதக் கணக்கில் 287 கிராம். முதல் முயற்சியில் 200 கிராம் ஒரே கட்டியாக வந்தால் நல்ல வேலை.

உலை: உள்விட்டம் 25 செ.மீ., உயரம் 40, சுவர்க் கனம் 10. ஒரு பங்கு களிமண், இரண்டு பங்கு மணல், நறுக்கிய வைக்கோல். காய ஒரு வாரத்துக்குக் குறையாமல் வேண்டும், முந்தின நாள் சிறு தீ போட்டு உள் ஈரத்தை ஓட்ட வேண்டும். ஈரச் சுவர் சூடேறினால் நீராவி வழி தேடும், சுவர் பொரிந்து பாளமாக உதிரும். ஊதுகுழல் 2.5 செ.மீ. துளை, அடியிலிருந்து 8 செ.மீ. மேலே, சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து. மூசையை, அதாவது தாது போட்டு உருக்கும் கிண்ணத்தை, குழல் வாய்க்கு நேராக வைக்காதீர்கள். நேர்க்காற்று படும் பக்கம் குளிர்ந்து விரிசல் விடும். செங்கல் துண்டின் மேல் தூக்கி வைத்தால் காற்று அடியில் பாய்ந்து சுற்றி ஏறும்.

மூசை: கடையில் வாங்கும் கிராஃபைட் மூசை, ஒரு லிட்டர் அளவு, வெளிவிட்டம் 13 செ.மீ.க்கு மிகாமல். சுற்றிலும் 6 செ.மீ. கரி நிற்க இடம் வேண்டும். கையால் வனைந்த மூசை அழகுதான், ஆனால் ஊர்க்கூட்டத்தின் முன்னால் அதைச் சோதிக்க வேண்டாம்.

கரி: 15 கிலோ, 2 முதல் 4 செ.மீ. துண்டுகளாக உடைத்துச் சலித்தது. பெரிய துண்டு போட்டால் இடைவெளி வழியே காற்று ஓடிவிடும், சூடு ஏறாது. தூள் போட்டால் காற்றே போகாது.

முதலில் தாதுவை 3 முதல் 5 மி.மீ. குருணையாக உடைத்து, இரும்புத் தட்டில் மூடி போட்டு வறுங்கள். பச்சை போய்க் கரிய ஆக்சைடாகும். வறுக்காமல் நேராக மூசையில் போட்டால் உள்ளிருந்து நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கிளம்பி, கல் படபடவென்று வெடித்து வெளியே தெறிக்கும். வறுத்ததோடு கரித்தூளை நாலுக்கு ஒன்று என்ற எடையில் கலந்து, மூசையில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, மேலே 2 செ.மீ. கரித்தூள் மெத்தை, அதன் மேல் மூடி. செம்பு 1085 டிகிரியில் உருகும், வார்க்க 1150க்கு மேல் வேண்டும். சூட்டை அளக்கக் கருவி இல்லையென்றால், இரும்புக் கம்பி நுனியில் 2 மி.மீ. செம்புக் கம்பியைச் சுற்றி மூசைக்குப் பக்கத்தில் செருகுங்கள். அது உருகித் துளி விழுந்த பிறகும் 20 நிமிடம் ஊத வேண்டும்.

பற்றவைத்ததிலிருந்து வார்ப்பது வரை மூன்று மணி நேரம். இரண்டு துருத்தி, மாற்றி மாற்றி. ஊதுபவர்களை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கூட்டம் உள்ளே வர அதுவே நல்ல வாசல். மின் ஊதுவான் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

பிப்ரவரி 6

விட்டுப்போனவை.

வறுத்தது போதுமா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், எடை போடுங்கள். 500 கிராம் மலகைட் முழுக்க ஆக்சைடானால் 360 கிராம் நிற்கும். தாதுவில் வேறு கல் கலந்திருந்தால் அதற்கு மேல் நிற்கும். ஆகவே எடை இறங்குவது நிற்கும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். வெளியே கறுத்த குருணையை உடைத்தால் நடுவில் பச்சை தெரிந்தால் இன்னும் வறுக்க வேண்டும்.

நகைக்கல் கழிவு என்று மலிவாக வருவதில் பாதி, மலகைட் தூளைப் பிசினில் குழைத்து அழுத்தியது. சூடான ஊசியைக் குத்துங்கள். உருகி நாறினால் பிசின். சாயம் ஏற்றிய வெள்ளைக் கல்லும் உண்டு, அது கையில் லேசாக இருக்கும். மலகைட் தண்ணீரைப் போல நாலு மடங்கு கனம்.

மூடியைத் திறந்தால் செம்புக்குப் பதிலாகப் பழுப்புப் பஞ்சு கிடக்கிறதா? ஆக்சிஜன் போய்விட்டது, உருகத்தான் சூடு போதவில்லை. தோல்வி என்று கொட்டிவிடாதீர்கள். கரித்தூளை மறுபடி மேலே மூடி, உலையில் கரியைச் சிறு துண்டாக நிரப்பி இன்னும் 20 நிமிடம் ஊதினால் பஞ்சு இறங்கிக் கட்டியாகும். ஒரு தேக்கரண்டி வெண்காரம் போட்டால் சிதறிய மணிகள் ஒன்றுசேரும்.

வேடிக்கை பார்க்க மூடியைத் திறந்து திறந்து மூடுவதால்தான் பல உலைகள் கெடுகின்றன. காற்று பட்டால் எடுத்த செம்பு மறுபடி ஆக்சைடாகும்.

பிப்ரவரி 6, இரவு

பாதுகாப்பைத் தனியாக எழுதுகிறேன், நடுவில் புதைந்துவிடக் கூடாது.

வார்ப்பு அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் உருகிய செம்பு வெடித்துச் சிதறும். அச்சை உலை ஓரத்தில் வைத்து, கையால் தொட முடியாத சூட்டில் எடுக்க வேண்டும். கான்கிரீட் தரையில் வார்க்காதீர்கள். செம்பு சிந்தினால் கான்கிரீட்டுக்குள் உள்ள ஈரம் அதைப் பொரிய வைக்கும். 10 செ.மீ. காய்ந்த மணல் பரப்பு வேண்டும். கூட்டத்துக்குக் கயிறு 4 மீட்டரில். வார்ப்பவர்களுக்குத் தோல் ஏப்ரன், முகக் கவசம், கால்சட்டைக்குள் அடங்கிய தோல் பூட்ஸ். நைலான் துணி கூடாது. மூடிய கூடாரத்துக்குள் கரி உலை வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை.

யாரோ பழைய சுரங்கக் குவியலில் பொறுக்கி வந்த கல்லைப் போடாதீர்கள். கார்ன்வால் தாதுக்களில் ஆர்செனிக் சகஜம்.

தரையில் குழி தோண்டி உலை போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு நூற்றாண்டு உலைக் கழிவு விழுந்த மண் அது. செம்பு, ஈயம், துத்தநாகம், ஆர்செனிக் எல்லாம் இருக்கும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் தோண்ட வேல்ஸ் அரசின் காடூ துறையிடம் அனுமதியும் வேண்டும். இரும்பு மேசையில் செங்கல் அடுக்கி மேலே கட்டுங்கள்.

பிப்ரவரி 8

பக்கத்தில் எதை வைப்பது என்பதற்கு வருகிறேன். என் வாக்கு கசடுக்கு, அதாவது தாதுவை உருக்கும்போது பிரிந்து ஒதுங்கும் கல் கழிவுக்கு.

செம்பு ஸ்வான்சீயில் தங்கவில்லை. கப்பலின் அடித்தகடாக, கொப்பரையாக, நாணயமாக ஊரை விட்டுப் போனது. தங்கியது கசடு. ஆலைகள் அதை அச்சில் வார்த்துக் கட்டுமானக் கல்லாக்கின. ஸ்வான்சீ வழியே ஓடும் டாவே ஆற்றின் பள்ளத்தாக்கில் பழைய மதில்களின் உச்சியில் வரிசையாக இருக்கும் கரிய கற்களைப் பாருங்கள். உலையிலிருந்து திறந்துவிட்ட கசடு அச்சில் ஓடி உறைந்தவை. கார்ன்வாலின் ஹேல் ஊரிலும் இதே மாதிரிக் கசடுக் கற்களால் கட்டிய சுவர்கள் உண்டு, 18-ஆம் நூற்றாண்டில் அங்கே ஓர் உருக்காலை இருந்த காலத்தவை.

ஒரு மணி நேர நடை வையுங்கள். ஒரு குழுவுக்கு 15 பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காந்தம், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி. கசடுக் கல்லா, சுட்ட செங்கல்லா, எரிமலைக் கல்லா என்று அவர்களே முடிவு செய்யட்டும். கசடென்றால் கருமை அல்லது கரும்பழுப்பு, உடைந்த ஓரத்தில் கண்ணாடிப் பளபளப்பு, குமிழித் துளைகள், சில இடத்தில் பச்சைக் கறை, காந்தத்துக்கு மெல்லிய இழுப்பு. சுவரில் இருப்பதை உடைக்கக் கூடாது. உதிரித் துண்டு காட்டுவதென்றால் கையுறையோடு, அதன் விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி வெட்டும்.

பிப்ரவரி 9

நேற்று எழுதியதில் ஒரு தவறு. ‘திறந்துவிட்ட கசடு ஓடி உறைந்தது’ என்று எழுதினேன். தாது உருக்கும் உலையில் கசடு ஓடும் அளவுக்கு இளகுவதில்லை. கூழ் மாதிரி நிற்கும். உலையின் முனைக் கதவைத் திறந்து, நீண்ட இரும்புக் கொக்கியால் இழுத்து வெளியே மணல் அச்சில் தள்ளினார்கள். கீழே தங்கிய மேட்டைத்தான் துளை திறந்து ஓடவிட்டார்கள்.

இது சின்னத் திருத்தம் அல்ல, கல்லிலேயே தெரியும். கரிய பரப்பில் வெள்ளை வெள்ளையாகக் கூர்முனைத் துண்டுகள் பதிந்திருக்கும். உருகாமல் தப்பிய குவார்ட்ஸ். நன்றாக ஓடிய கசடில் அது இருக்காது. நடையில் பிள்ளைகளைத் தேடவிட வேண்டியது இந்த வெள்ளைப் புள்ளிகளைத்தான். ஒவ்வொன்றும் கார்ன்வால் சுரங்கச் சுவரின் துண்டு, கடல் தாண்டி வந்து, உலைக்குள் போய், உருகாமலே வெளியே வந்தது.

ஆறிய கசடை உடைத்துப் பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதி. மேட் மணி தென்பட்டால் திரும்ப உலைக்குப் போகும், தென்படாதது குவியலுக்கு.

பிப்ரவரி 11

‘கசடு பார்க்க யார் வருவார்கள், தீ வேண்டும்’ என்று ஒரு பதில் வந்திருக்கிறது. நியாயம். தீயைத் தடுக்கவில்லை. ஆனால் ஸ்வான்சீத் தொழிலாளியின் திறமை இருந்த இடம் தீயின் உயரத்தில் இல்லை, கடைசிப் படியில். அதைக் காட்ட வழி இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

சுத்திகரிப்பு. கொப்புளச் செம்பை உருக்கிக் காற்று படவிட்டால் மிச்சக் கந்தகமும் இரும்பும் எரிந்து போகும். கூடவே செம்புக்குள் ஆக்சிஜன் கரைந்துவிடும். அப்படியே வார்த்தால் உடையும். அதற்கு ‘உலர்ந்த செம்பு’ என்று பெயர். அதனால் உருகிய செம்பின் மேல் கரியைப் பரப்பி, பச்சை பிர்ச் மரக் கம்பத்தை உள்ளே அழுத்துவார்கள். மரத்திலிருந்து கிளம்பும் வாயு கொதித்துக் கிளறி ஆக்சிஜனை எடுத்துப் போகும். எப்போது நிறுத்துவது என்பதுதான் கலை. சிறு கரண்டியில் கொஞ்சம் மொண்டு உறைய வைத்து, பாதி வெட்டி, இடுக்கியில் பிடித்து வளைத்து, முறிவைப் பார்த்துச் சொல்வார் சுத்திகரிப்பாளர். இரண்டு நிமிடம் கூடினால் ‘மிகைக் கம்பம்’, மறுபடி உடையும். அப்போது கரியை ஒதுக்கிக் காற்று படவிட்டுத் திரும்ப இறக்க வேண்டும்.

இதைக் கூட்டத்தின் முன் மூசையில் செய்யாதீர்கள். உலையில் டன் கணக்கில் செம்பு இருந்தபோது கம்பம் போட்டால் அது கொதித்தது. ஒரு கிலோ மூசையில் பச்சைக் குச்சியைச் செருகினால் பாதி வெளியே பீறிடும்.

பட்டறையில் முன்கூட்டியே மூன்று வகை வில்லை வார்த்து வையுங்கள், 30 மி.மீ. விட்டம், 10 மி.மீ. கனம். ஒன்று கரி மூடாமல் காற்றில் கால்மணி நேரம் விட்டது. ஒன்று கரி மூடிப் பதமாக எடுத்தது. மூன்றாவது கரிக்கு அடியில் நீண்ட நேரம், ஈர மரப் புகை பட வைத்தது. மேற்பரப்பே சொல்லும்: உலர்ந்தது நடுவில் குழியும், பதமானது சமமாக நிற்கும், மிகையானது மேடு தட்டும். விழா அன்று ஒவ்வொரு வில்லையிலும் பாதி ஆழம் அறுத்து, மேசை இடுக்கியில் பிடித்து, வந்தவர்கள் கையிலேயே சுத்தியலைக் கொடுங்கள். உலர்ந்தது மங்கிய செங்கல் நிற முறிவோடு பட்டென்று விழும். பதமானது பட்டு இழை மாதிரி மின்னி வளைந்து போகும், முறியாது. ஒரு நாளைக்கு வகைக்கு 40 வில்லை வேண்டியிருக்கும். வில்லைக்கு 60 கிராம் சொச்சம், மொத்தம் ஏழரைக் கிலோ. எல்லாம் திரும்ப உருக்கலாம்.

எதை வெட்டினாலும் வைக்க வேண்டிய நிகழ்ச்சி இது.

பிப்ரவரி 14

புகை பற்றிக் கேட்டவருக்கு.

கந்தகத் தாதுவை வறுத்துக் காட்டலாமா? கூடாது. 100 கிராம் சால்கோபைரைட்டிலிருந்து 70 கிராம் கந்தக டை ஆக்சைடு கிளம்பும், ஆஸ்துமா உள்ளவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் போதும்.

ஆனால் புகையைச் சொல்லாமல் இந்த ஊர் விழாவே இல்லை. கில்வி குன்று மொட்டையானது அதனால்தான். 1820களில் புகைக்குத் தீர்வு கண்டால் பரிசு என்று நிதி திரட்டினார்கள். விவியன் நீண்ட புகைக்கால்களும் நீர்த்தாரைகளும் வைத்துப் பார்த்தார், மைக்கேல் ஃபாரடே வரை ஆலோசனைக்கு வந்தார். தீரவில்லை. 1833-இல் உழவர்கள் வழக்குத் தொடுத்துத் தோற்றார்கள். 1860களில்தான் அவர் மகன் ஹென்றி ஹஸ்ஸி விவியன் ஜெர்மன் வகை உலை போட்டு, புகையிலிருந்து கந்தக அமிலம் பிடிக்கத் தொடங்கினார்.

கண்ணில் படும்படி காட்ட ஒரு வழி: ஒரு கிலோ செம்புக் கட்டியைச் சுற்றி, அதற்காக வெளியேறிய வாயுவின் அளவுக்கு ஒரு மரச்சட்டக் கனசதுரம். என் கணக்கில் பக்கம் 72 செ.மீ.

பிப்ரவரி 15

72 தவறு. ஒரு செம்பு அணுவுக்கு ஒரு கந்தக அணு என்று போட்டுவிட்டேன். சால்கோபைரைட்டில் இரண்டு. ஒரு கிலோ செம்புக்கு இரண்டு கிலோ கந்தக டை ஆக்சைடு, அறைச் சூட்டில் ஏறக்குறைய 750 லிட்டர். பக்கம் 91 செ.மீ. பன்னிரண்டு சட்டம், மொத்தம் 11 மீட்டர் மரம். இதுவும் சுத்த சால்கோபைரைட்டுக்கான கணக்கு. வெறும் இரும்புக் கந்தகம் கலந்த தாதுவுக்குச் சட்டம் இன்னும் பெரிதாகும். அட்டையில் அதையும் எழுதுங்கள்.

பிப்ரவரி 17

நெருப்பே இல்லாமல் சிறுவர் மேசை வேண்டும் என்றால் ஆங்கில்சி தீவின் பாரிஸ் மலையைப் பாருங்கள். 1768-இல் பெரிய தாதுப்படுகை கிடைத்த இடம். சுரங்க நீரில் கரைந்த செம்பைக் குளங்களில் தேக்கி, பழைய இரும்பைப் போட்டு எடுத்தார்கள்.

10 கிராம் நீல மயில்துத்தம், 100 மி.லி. தண்ணீர். அதில் இரண்டரைக் கிராம் செம்பு இருக்கிறது. அதை எடுக்க இரண்டேகால் கிராம் இரும்பு போதும். இரும்புப் பஞ்சு போட்டால் ஒரு நிமிடத்தில் சிவக்கும். சிவக்கவில்லையா? பஞ்சில் எண்ணெய் இருக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஆணி போடுவதென்றால் துத்தநாகம் பூசியது கூடாது, கருஞ்சேறாகப் படியும். துருப்பிடிக்காத எஃகும் வேலை செய்யாது. கையுறை, கண்ணாடி கட்டாயம்.

மிச்சத்தைச் சாக்கடையிலோ டாவே ஆற்றிலோ கொட்டக் கூடாது, செம்பு மீனுக்கு நஞ்சு. ஒரு வாளியில் சேர்த்து இரும்புப் பஞ்சை அள்ளிப் போட்டு இரவெல்லாம் விடுங்கள். நீலம் முழுக்கப் போனபின் வடிகட்டி, கழிவு நிலையத்தில் கொடுங்கள்.

பிப்ரவரி 20

பெருமை பேசும் பலகைகளில் இரண்டு இடம் விடுபடுகிறது. விடுபடக் கூடாது.

ஒன்று ஒயிட் ராக், 1737-இல் பிரிஸ்டல் வணிகர் பணத்தில் வந்த ஆலை. அதன் பழைய வரைபடத்தில் ‘மனில்லா வீடு’ என்று ஒரு கட்டடம் குறித்திருக்கிறது. மனில்லா என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கக் கொடுத்த உலோக வளையம். இரண்டு, கியூபாவின் எல் கோப்ரே. 1830களிலிருந்து அங்கிருந்து தாது ஸ்வான்சீக்கு வந்தது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும், பிரிட்டிஷ் நிறுவனத்தின் அந்தச் சுரங்கத்தில் அடிமைகளும் வெட்டினார்கள். மலகைட்டைக் காட்டும் அதே மேசையில், தாது வந்த ஊர்களின் பட்டியலில் இதையும் அதே எழுத்தளவில் எழுதுங்கள். தனி மூலையில் ஒரு சின்ன அட்டை போதாது.

பிப்ரவரி 21

இதைப் படிப்பவர்களுக்குப் பிடிக்கும் ஒன்று. விவியன் விவரத்தில் ‘ஜப்பான் செம்பு’ வருகிறது. 6 அங்குல நீளம், 8 அவுன்ஸ் எடை, கிழக்கிந்தியச் சந்தைக்கு என்றே வார்த்த குச்சிகள். டச்சுக்காரர் நாகசாகியிலிருந்து சோழமண்டலக் கரைக்கும் கொண்டுவந்து விற்ற ஜப்பான் குச்சிக்கு அந்தக் கரையில் கைகள் பழகியிருந்தன. அந்தச் சிவந்த தோலுக்காக, அச்சிலிருந்து உறைந்த கணமே குளிர்ந்த நீரில் தள்ளினார்கள். மேலே மெல்லிய செம்பு ஆக்சைடு படிந்து குங்கும நிறம் பிடிக்கும்.

செய்து காட்டலாம், ஒரு நிபந்தனையோடு: முழுக்க உறைந்த பிறகே தண்ணீர். நடு உருகியிருந்தால் வெடிக்கும். 6 அங்குலக் குச்சி மெலிதாக இருப்பதால் சீக்கிரம் உறையும். தடித்த கட்டியில் முயல வேண்டாம்.

பிப்ரவரி 25

ஆஸ்திரேலியாவின் கெர்னவெக் லோவெண்டர் மாதிரி பெரிய விழாவாக்கலாமே என்ற யோசனைக்கு. மூன்டா, கடினா, வாலரூ மூன்று ஊரும் சேர்ந்து 1973-இல் தொடங்கிய விழா அது. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் வம்சத்தின் கொண்டாட்டம், ஊர்வலம், நடனம், பாஸ்டி (இறைச்சி அடைத்துச் சுட்ட கார்ன்வால் பண்டம்) எல்லாம் உண்டு. நல்ல விழா. ஆனால் 1861 முதல் 1923 வரை வாலரூவில் உருக்காலை இயங்கியது, அங்கே உலையடியில் நின்றவர்களில் வேல்ஸ்காரர்கள் கணிசம். சுரங்கத்துக்குத் தொப்பியும் விளக்கும் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, உடனே படம் பிடிக்கலாம். உருக்குபவருக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை. ஸ்வான்சீ அதே வழியில் போனால் சுரங்கமே இல்லாத ஊரில் சுரங்க விழா நடக்கும். அந்த மூன்று வில்லையும் சுத்தியலும் இருக்க வேண்டியது இதனால்தான்.

மார்ச் 1

படகுச் சவாரியில் சொல்ல மறக்கக் கூடாதது: இப்போது டாவே அமைதியாக நிறைந்து நிற்பது 1992-இல் வந்த தடுப்பணையால். ஆலைகள் ஓடிய காலத்தில் ஓதம் ஏறும்போதுதான் கப்பல் துறைக்கு வரும், வடிந்தால் சேற்றில் உட்காரும். ஹார்ன் முனை சுற்றிச் சிலியிலிருந்து வந்த கப்பல் கடைசி இரண்டு மைலுக்கு ஓதத்தைக் காத்து நிற்கும். ஒரு கம்பத்தில் பழைய உயர் நீர், தாழ் நீர்க் கோடுகளை வண்ணம் அடித்துக் காட்டினால் பேச்சே வேண்டாம்.

மார்ச் 3

விதை நட யாரோ கேட்டிருந்தார்கள். 1961-இல் ஸ்வான்சீப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய கீழ் ஸ்வான்சீப் பள்ளத்தாக்குத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் மரம் நட்டார்கள். இன்று கில்வியில் நிற்கும் காட்டின் தொடக்கம் அது. விழாவில் வெறும் பூ விதை கொடுப்பதை விட, செம்பு தாங்கும் அக்ரோஸ்டிஸ் புல்லைக் காட்டுங்கள். பாரிஸ் மலையில் தானாக உருவானதைத் தேர்ந்து ‘பாரிஸ்’ என்றே பெயரிட்ட வகை உண்டு. இரண்டு தட்டு, இரண்டிலும் செம்புக் கழிவு மண். ஒன்றில் சாதாரணப் புல்வெளி விதை, மற்றதில் இது. நட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது, விழாவுக்கு ஆறு வாரம் முன்பே விதைக்க வேண்டும். சாதாரணப் புல் முளைக்கும், வேர்தான் மண்ணில் இறங்காது. அதனால் கண்ணாடிப் பக்கம் உள்ள தட்டாக இருக்கட்டும்.

மார்ச் 4

மலகைட் உலையைப் பற்றி இரண்டாம் யோசனை. முதலில் அதைப் பக்க நிகழ்ச்சியாகத் தள்ளத்தான் நினைத்தேன். இப்போது காலையில் அதையே முதலில் வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரே சூட்டில் செம்பு வருவதைப் பார்த்தவர்களுக்குத்தான், ‘அப்படியானால் ஸ்வான்சீக்கு ஏன் எட்டு படி?’ என்ற கேள்வி வரும். பத்து மணிக்குப் பற்றவைத்தால் ஒரு மணிக்கு வார்ப்பு. பிறகு கசடு நடை, பிறகு வில்லை மேசை. உலையை அன்று இரவு அவிக்காதீர்கள். தண்ணீர் ஊற்றினால் சுவர் பிளக்கும், சாம்பல் பறக்கும். மூடி போட்டு ஊதுகுழலைக் களிமண்ணால் அடைத்து, காலை வரை ஒருவர் காவல்.

மார்ச் 5

கசடுக் கல்லைத் தூக்கிப் பார்க்க வைக்கலாமா என்ற கேள்விக்கு: 30 x 20 x 15 செ.மீ. கல் 9 லிட்டர். லிட்டருக்கு மூன்றரைக் கிலோ. 31 கிலோ சொச்சம். பிள்ளைகளுக்குக் கூடாது. உருட்டுக் கட்டை மேல் வைத்துத் தள்ள விடலாம், விரலுக்குத் தடுப்புப் பலகை வைத்து.

91 செ.மீ. சட்டத்துக்குள் வைக்கும் ஒரு கிலோ செம்பு, கனசதுரமாக வார்த்தால் பக்கம் 48 மி.மீ. மட்டுமே, உள்ளங்கையில் அடங்கும். அதைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டாதீர்கள். சட்டத்தின் அடிக்கட்டையில் குட்டைச் சங்கிலியால் கட்டிவிட்டால் ஒவ்வொருவரும் சட்டத்துக்குள் கையை நீட்டி எடுத்துப் பார்க்கலாம்.